தவமணி வீட்டுச் சேலைத் திரை

சுவருக்குப் பின்னால் ஒரு ஹால் திறந்துகொண்ட அன்றைக்கு, தவமணி முதலில் கவலைப்பட்டது டம்ளர் பத்துமா என்றுதான்.

பின்னே, வேறு எதற்குக் கவலைப்படுவாள்? மதுரை செல்லூரில், நடுவில் ஓர் அடிபம்பும் சுற்றிலும் வரிசை வீடுகளுமாக இருக்கிற ஒரு காம்பவுண்டில், ஒற்றை அறையும் ஒருக்களித்து நின்றால் மட்டும் சமைக்க முடிகிற ஓர் அடுப்படியுமாகக் குடித்தனம் நடத்துகிறவள் அவள். மகள் யோகேஸ்வரி உண்டாகியிருக்கிறாள் என்ற சேதி காதில் விழுந்ததும், சம்பந்தி வீட்டார் ஒரு போன்கூடப் பண்ணாமல் ஆப்பிளும் மாதுளையும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக ஒரு வேன் நிறைய வந்து இறங்கிவிட்டார்கள். மாமா, சித்தப்பா, சித்தப்பாவின் மச்சான், அந்த மச்சானுக்குத் தெரிந்தவர் என்று வேனுக்குள்ளிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தது. தவமணியின் புருஷன் சோலை, பஸ் டிப்போவில் டயர் மாட்டுகிற மனுஷன், வீட்டிலிருந்த இரண்டே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் தூக்கி வைத்துக்கொண்டு, யாருக்குப் போடுவது யாரை விடுவது என்று தெரியாமல் நடுவீட்டில் நின்றார்.

அப்போதுதான் சம்பந்தியம்மாள், கையிலிருந்த பழக்கூடையை எங்கே வைப்பது என்று அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு, மேற்குச் சுவரில் தொங்கிய சேலைத் திரையை ஒரு கையால் ஒதுக்கினாள். ஒதுக்கினவள் உள்ளே போனாள். “அடேயப்பா, இம்புட்டுப் பெரிய ஹால உள்ள வச்சுக்கிட்டா எங்கள வெளிய நிக்க வச்சீங்க?” என்று அவள் குரல் உள்ளேயிருந்து வந்தது. அதைக் கேட்டு ஒருவர் பின் ஒருவராக அத்தனை பேரும் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போன தவமணி பார்த்தாள். சிவப்புச் சிமெண்டுத் தரை வழவழவென்று கிடந்தது. ஆளுயரச் சன்னல்கள், அவற்றின் வழியாக, பங்குனி மாத மத்தியானத்தில் மதுரையில் எங்குமே கிடைக்காத ஈரக் காற்று. வந்தவர்கள் அத்தனை பேரும் கால் நீட்டி உட்கார எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம் இருந்தது, ஒரு சாண் கூடுதலும் இல்லை, ஒரு சாண் குறைச்சலும் இல்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தெருச் சாக்கடை ஓடுகிறது என்பது தவமணிக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். ஆனால் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது, டம்ளர் வேறு பாதிப் பேருக்குத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுச் சபுரா பீவி தன் வீட்டு டம்ளர்களை முந்தானையில் அள்ளிக்கொண்டு ஓடி வந்துதான் அன்றைக்கு மானம் பிழைத்தது.

வேன் கிளம்பிப் போன பிறகு, உட்கார்ந்த இடத்தைக் கூட்டிவிடலாம் என்று விளக்குமாற்றோடு திரையை ஒதுக்கினாள். பழையபடி பச்சைச் சுண்ணாம்பு அடித்த சுவர், பாதி உயரம் ஈரம் ஊறி ஓதம் ஏறி, காலண்டர் ஆணியோடு நின்றது. சரி, கூட்டுகிற வேலை மிச்சம் என்று விளக்குமாற்றை மூலையில் சாய்த்துவிட்டு, சபுராவின் டம்ளர்களைக் கழுவ உட்கார்ந்தாள்.

அந்தத் திரையைக் கட்டியதே அந்த ஓதத்தை மறைக்கத்தான். தவமணியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். காசு இருந்தால் யார் வேண்டுமானாலும் வீட்டை அழகாக வைத்துக்கொள்ளலாம், அதில் என்ன பெரிய சாமர்த்தியம்? தவமணி காசில்லாமல் வைத்துக்கொள்கிறவள். தினசரி காலண்டரில் கிழித்துப்போடுகிற தாளை மடித்து மடித்துச் செவ்வந்திப் பூவாக்கி வாசலுக்குத் தோரணம் கட்டுவாள். ஓட்டை விழுந்த முறத்தில் சுண்ணாம்பும் காவியும் பூசி நடுவில் ஒரு மயிலை எழுதிச் சுவரில் மாட்டினால், பார்க்கிறவர்கள் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பார்கள். உடைந்த வளையல் துண்டுகளை மெழுகுவத்திச் சூட்டில் வளைத்து ஒன்றோடொன்று கோத்து அவள் சன்னலில் தொங்கவிட்டிருக்கிற சரம், வெயில் படும்போது வீட்டுக்குள் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி வைக்கும். விருந்தாளிக்குச் சர்பத் கொடுத்தாலும் சும்மா கொடுக்க மாட்டாள். எலுமிச்சையை வட்டமாக நறுக்கி டம்ளர் விளிம்பில் செருகி, மேலே நாலு சப்ஜா விதையை மிதக்கவிட்டுத்தான் நீட்டுவாள். வாங்குகிறவருக்குத் தானும் ஒரு பெரிய மனுஷன்தானோ என்று ஒரு நிமிஷம் தோன்றிவிடும்.

காம்பவுண்டில் யார் வீட்டில் காதுகுத்து, பிறந்தநாள் என்றாலும் அலங்காரம் அவள் பொறுப்பு. வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்கிற பையைக்கூட, வீட்டுக்கு வீடு சுற்றிக்கொண்டே இருந்து யாரும் தைக்காமல் விட்ட ரவிக்கைத் துணிகளில் அவளே தைத்துவிடுவாள். அந்தத் துணி தான் வைத்துக் கொடுத்ததுதான் என்று கண்டுபிடித்துவிட்ட பெண்கள்கூட, பை அழகாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போனார்கள்.

இந்தத் திரையும் அப்படித்தான். வீட்டுக்கு வீடு பழைய சேலை வாங்கி, நல்ல இடத்தை மட்டும் கத்தரித்துச் சேர்த்தாள். ஒரு பக்கம் அரக்குச் சுங்குடி, ஒரு பக்கம் சபுராவின் ஜரிகை உதிர்ந்த துப்பட்டா, ஓரத்துக்குத் தன்னுடைய கல்யாணச் சேலையின் கரை. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே நீளமாக, வெளுத்துப்போன நீலத்தில், மெல்லிசான வாயில் துணிச் சேலை ஒன்று. அது அவளுடைய அக்கா பேச்சியம்மாளுடையது. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் தவமணி பேச்சை மாற்றிவிடுவாள்.

ஹால் விஷயம் காம்பவுண்டில் பரவ எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? அடிபம்பில் ஒரு குடம் நிறைவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. உள்ளே விளக்கு எரிகிறதே, கரண்டு பில்லு யார் கணக்கில் ஏறுகிறது என்றுதான் கேட்டார்கள். மீட்டர் ஓடவில்லை என்று சோலை காட்டினதும், அப்படியானால் சரி என்று நிம்மதியாகப் போய்விட்டார்கள். அடுத்த முகூர்த்தத்திலேயே கடைசி வீட்டுப் பேரனுக்கு அங்கே மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். வந்த கூட்டத்துக்கு ஹால் விரிந்து கொடுத்தது. தாய்மாமன் வீட்டார் தாமதமாக இன்னொரு வேனில் வந்தபோது, உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் நகராமலே, நடுவில் ஒரு பந்திக்கு இடம் வந்துவிட்டது.

அதற்கப்புறம் அதற்கென்று ஒரு முறையே ஏற்பட்டுவிட்டது. விசேஷக்காரர்கள் வந்து தவமணியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாய் அவரவர் கொண்டுவர வேண்டும். முதலில் திரையை ஒதுக்குவது அன்றைக்கு வந்த விருந்தாளிகளில் யார் முக்கியமோ அவர்தான், மற்றவர்கள் அவர் பின்னால் நுழைய வேண்டும். இதையெல்லாம் யார் சொன்னார்கள் என்றால் யாரும் சொல்லவில்லை, ஜனங்களாக ஏற்படுத்திக்கொண்டார்கள்.

வீட்டுச் சொந்தக்காரர் தெய்வேந்திரனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தன் கட்டடத்தில் தனக்குத் தெரியாமல் ஒரு ஹாலா என்று அளவு டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார், வாடகையை ஏற்றுகிற உத்தேசத்தோடு. விறுவிறுவென்று திரையை இழுத்தால் சுவர்தான் இருந்தது. தட்டிப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. “வெயில்ல வந்திருக்கீங்கண்ணே, ஒரு வாய் மோர் குடிங்க, உக்காருங்க,” என்று தவமணி சொல்ல, சொம்பை வாங்கிக் குடித்து, கறிவேப்பிலையும் இஞ்சியும் சரியாக விழுந்திருக்கிறது என்று பாராட்டி, வாயைத் துடைத்துக்கொண்டு எதேச்சையாகத் திரையை ஒதுக்கினவர் அப்படியே உள்ளே போனார். அவர் ஒருவருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவில் ஒரு சின்ன அறையும், அதில் ஒரு சாய்வு நாற்காலியும் இருந்ததாம். சாயங்காலம்வரை தூங்கிவிட்டு, டேப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். வாடகைப் பேச்சு அதோடு நின்றது.

இதைப் பார்த்து மற்ற வீடுகளிலும் சேலைத் திரை கட்டிப் பார்த்தார்கள். கட்டினால் அழகாக இருந்தது, அவ்வளவுதான். மூன்றாம் வீட்டில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்ததாகவும், அதில் அந்த வீட்டுக்காரியின் மாமியார் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணியதாகவும் ஒரு பேச்சு உண்டு. கேட்டதைச் சொல்கிறோம்.

இதில் சபுரா பீவிக்குத்தான் ஒரு வருத்தம். அவள் தவமணி வீட்டுக்குள் நாளைக்கு எத்தனை தடவை வருவாள் என்று கணக்கே கிடையாது. காபித்தூள் கேட்டு வருவாள், குழம்பில் உப்புப் பார்க்கச் சொல்லிக் கிண்ணத்தோடு வருவாள், ஒன்றுமில்லாவிட்டால் புருஷனைத் திட்டுவதற்காவது வருவாள். போகிற போக்கில் திரையை ஒதுக்கிப் பார்ப்பாள். ஒரு நாளும் திறந்ததில்லை. கூட்டம் உள்ளே இருக்கும்போது குழம்பு வாளியோடு பின்னாலேயே போகலாம், அதற்குத் தடையில்லை. தனியாக ஒதுக்கினால் சுவர்தான். அந்த வீட்டு ஆட்களுக்கும் திறக்காதுதான், ஆனால் அங்கேயே குடியிருக்கிறவளுக்கு அதில் என்ன வருத்தம் வந்துவிடப் போகிறது? “வந்தவன் போனவனுக்கெல்லாம் தொறக்குது, வாடகை வாங்குறவனுக்குக்கூடத் தொறக்குது, எனக்கு மட்டும் என்ன வந்துச்சு?” என்று சபுரா மூக்கைச் சிந்துவாள். முறையாக அழைக்கப்பட்டு வருகிறவர்களுக்குத்தான் திறக்கும் போலிருக்கிறது என்று காம்பவுண்டில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். தெய்வேந்திரனுக்குக்கூட, உட்காருங்க என்று சொன்ன பிறகுதானே திறந்தது? அப்படியானால் உன்னையும் ஒரு நாள் தட்டு வைத்து அழைக்கிறேன் என்று தவமணி சொன்னால், எனக்கெதுக்குப் புள்ள அழைப்பு என்று சபுரா வடையைக் கடித்துக்கொண்டே போய்விடுவாள்.

இப்படி ஊரே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற அந்த ஹாலுக்கு வராத ஒரே ஆள் பேச்சியம்மாள்தான். தவமணியின் கூடப் பிறந்தவள், ஒரே அக்கா, திருமங்கலம் பக்கம் வாக்கப்பட்டவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. யோகேஸ்வரி பிறந்த கையோடு தவமணிக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், தன் நீல வாயில் சேலையில் தூளி கட்டி, பால் காய்ச்சிக் கொடுத்து, ராத்திரி பகல் பாராமல் ஆட்டி வளர்த்துத் திருப்பிக் கொடுத்தவள் அவள்தான். குழந்தையைக் கொடுக்கும்போது தூளிச் சேலையையும் சேர்த்து மடித்துக் கொடுத்துவிட்டாள். இது இல்லாமல் தூங்க மாட்டாள்டி என்று மட்டும் சொன்னாளாம்.

அப்படிப்பட்டவளோடு என்ன சண்டை? யோகேஸ்வரியின் கல்யாணத்தில் வந்தது. நம் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறதே, புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து நேரில் போய், வெற்றிலை பாக்கு குங்குமத்தோடு பத்திரிகையைக் கையில் கொடுத்து அழைத்தால்தான் அழைப்பு. தூரத்துச் சொந்தம், ஒன்றுவிட்டது, ரெண்டுவிட்டது, டிப்போ மேனேஜர் என்று எல்லோர் வீட்டு வாசலையும் மிதித்த தவமணி, கடைசியில் நாள் நெருங்கிவிட, அக்காதானே என்று திருமங்கலத்துக்குப் போகிற ஓர் ஆளிடம் பத்திரிகையைக் கொடுத்துவிட்டாள். சொந்த அக்காவுக்கு முறை என்ன, பவிசு என்ன, இன்னேரம் அவள் வந்து முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்க வேண்டாமா என்பது இவள் நினைப்பு. ஆனால் அந்தப் பத்திரிகை போய்ச் சேர்ந்த இடத்தில் பேச்சியின் நாத்தனாரும் ஓரகத்திகளும் இருந்தார்கள். பிள்ளையில்லாதவளை நல்ல காரியத்துக்கு நேரில் வந்து கூப்பிட மனசில்லை, அதுதான் ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். ஈவு இரக்கமில்லாத ஜனம்.

பேச்சி போன் பண்ணினாள். வேறு எதையும் சொல்லவில்லை, ஒரு எட்டு நீ வந்திருக்கலாமே என்று மட்டும் கேட்டாள். தவமணி அந்த நேரத்தில் பந்தல்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“உன்னைய வந்து அழைக்கிறதுக்கு நீ என்ன விருந்தாளியாக்கா?” என்றாள்.

“சரி. இனிமே விருந்தாளின்னே வச்சுக்க,” என்று சொல்லிப் பேச்சி போனை வைத்துவிட்டாள். கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. தவமணி பண்ணின போன்களுக்கெல்லாம் பேச்சியின் புருஷன்தான் எடுத்து, அவள் காட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னார். ராத்திரி என்ன காடு?

இந்த நிலைமையில்தான் யோகேஸ்வரிக்கு வளைகாப்பு வைக்கிற மாதம் வந்தது. மாமியார் வீட்டில் வைப்பதுதான் அவர்கள் வழக்கம். ஆனால் சம்பந்தியம்மாளே, உங்க வீட்டுலேயே வைங்க, அந்த ஹால்ல அடிக்கிற காத்து எங்க மண்டபத்துல ஏசி போட்டாலும் வராது என்று சொல்லிவிட்டாள். தவமணிக்குத் தலைகால் புரியவில்லை. என்னென்ன செய்யலாம் என்று சபுராவோடு உட்கார்ந்து யோசித்தாள். சின்னச் சின்ன மண்கலயத்தில் கற்பூரவல்லிக் குச்சி நட்டு, பாக்குமட்டை நாரால் முடிச்சுப் போட்டு, வருகிற பெண்களுக்குப் பரிசாகக் கொடுப்பது. பெண் உட்காரும் இடத்துக்குப் பின்னால் வாழை நார்ப் பாயை விரித்து, அதன் மேல் நிஜச் செவ்வந்தியும் காலண்டர்த் தாள் செவ்வந்தியும் கலந்து, எது நிஜம் என்று வருகிறவர்கள் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற மாதிரி வைப்பது. கட்டுச்சோறு எல்லாவற்றையும் புதுப்பானைகளில் நிரப்பி, எந்தப் பானையில் எந்தச் சோறு என்று தெரிவதற்கு, புளியோதரைப் பானை கழுத்தில் புளியம்பழம், எலுமிச்சைச் சோற்றுப் பானையில் எலுமிச்சை, தயிர்ச் சோற்றுப் பானையில் மாதுளை என்று கட்டித் தொங்கவிடுவது. பேசப் பேச இருவருக்கும் உற்சாகம் தாங்கவில்லை.

அம்மாவைப் பார்க்க வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் சாய்ந்திருந்த யோகேஸ்வரி, எல்லாம் பேசி முடிக்கும்வரை சும்மா இருந்தாள். அப்புறம் சொன்னாள்.

“மொத வளையல் பெரியம்மாதான் எனக்குப் போடணும். அவங்க வரலைன்னா எனக்கு வளைகாப்பே வேணாம்மா.”

பிள்ளையில்லாதவள் கையால் முதல் வளையலா என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம் தவமணிக்கு ஒரு கணம் வந்தது. வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது. அந்த நாலு பேரும்தானே அக்காவைத் தன்னிடமிருந்து பிரித்தது? மறுநாள் காலையில் சோலையை டிப்போவுக்கு லீவு போடச் சொல்லி, பெரிய தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், ஒரு சீப்பு நாட்டுப்பழம், தொடுத்த மல்லிகை, ஒரு பட்டுச்சேலை எல்லாம் எடுத்து வைத்தாள். சம்பந்தி வீட்டுக்கு வைத்ததைவிட ஒரு பொருள் கூடுதலாகவே வைத்தாள்.

திருமங்கலத்தில், நாத்தனாரும் ஓரகத்திகளும் பார்க்கும்படி, வாசலில் நின்று முறையாகக் குரல் கொடுத்து, உள்ளே போய், அக்காளையும் அத்தானையும் கிழக்குப் பார்க்க நிற்க வைத்து, தட்டை நீட்டி, யோகாவுக்கு முதல் வளையல் நீதான் போடணும்க்கா, குடும்பத்தோட வந்து நடத்திக் குடுங்க என்று அழைத்தாள். பேச்சி தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண்டிப்பா வர்றோம், உக்காருங்க, காபி சாப்பிட்டுட்டுத்தான் போகணும் என்றாள். தவமணியைப் பார்த்துத்தான் சொன்னாள், உக்காருங்க என்று. பிறந்ததிலிருந்து வாடி போடி என்று கூப்பிட்ட வாய். தவமணி காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

வளைகாப்பு நாளும் வந்தது. காம்பவுண்டே மணத்தது. சம்பந்தி வீட்டார் வந்து முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எலுமிச்சை செருகின சர்பத்தைக் குடித்துக்கொண்டிருக்க, முக்கிய விருந்தாளி வந்து திரையை ஒதுக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பேச்சியம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தங்கச்சி கொடுத்த பட்டைத்தான் கட்டியிருந்தாள். கையில் சீர்த்தட்டு, அதில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். வாங்கக்கா என்றதற்கு, நல்லாருக்கீங்களா என்று கேட்டாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தால் அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, போதுங்க என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். யோகேஸ்வரி ஓடி வந்து கட்டிக்கொண்டபோது மட்டும் அவள் கை தானாக அந்தப் பிள்ளையின் முதுகைத் தட்டியது, தூங்க வைக்கிற தட்டு. அதைக்கூடச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

நல்ல நேரம் தொடங்கிவிட்டது, ஒதுக்குங்கக்கா என்று தவமணி சொன்னாள். பின்னால் தட்டுகளோடு பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். பேச்சியம்மாள் திரைக்கு எதிரே போய்க் கையை நீட்டினாள். நீட்டின கை நின்றது. நடுவில் மேலிருந்து கீழாக ஓடிய அந்த நீலத் தூளிச் சேலையைப் பார்த்துவிட்டாள். கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள். பிறகு திரையை ஒதுக்கினாள்.

சுவர் இருந்தது.

பச்சைச் சுண்ணாம்பு, பாதி உயரம் ஓதம், காலண்டர் ஆணி. பேச்சி திரையை விட்டுவிட்டு மறுபடி ஒதுக்கினாள். மறுபடியும் சுவர்தான். எல்லோருக்கும் திறக்கிற சுவர், தெய்வேந்திரனுக்கே திறந்த சுவர். வரிசையின் கடைசியில் யாரோ ஒருத்தி இன்னொருத்தியின் காதில், இதுக்குத்தான் புள்ளைகுட்டி இருக்கிறவங்களா பாத்து விடணும்கிறது என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. தவமணிக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. என்ன பாடுபட்டு அழைத்து வந்தாள், ஊர் முன்னால் இப்படி ஒரு அவமானத்தைக் கொடுப்பதற்கா? அக்கா இனி இந்த ஜென்மத்தில் இந்த வாசலை மிதிக்க மாட்டாள்.

பேச்சியின் முகம் சுண்டிப்போனது. சுவரைப் பார்த்தபடியே, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னாள்: “செவுத்துக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு.”

அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த சபுரா பீவி, கையில் கரண்டியோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு மரியாதையாகப் பேசவெல்லாம் வராது. பேச்சியை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தானே திரையை இழுத்துக் காட்டினாள்.

“பாருங்கக்கா, எனக்கும் செவுருதான். ஒரு நாளு தொறந்ததில்ல. இவளுக்குத் தொறக்காது, இவ புருஷனுக்குத் தொறக்காது, யோகா புள்ளைக்கும் தொறக்காது.” சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள். அவளுக்கே அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது. “வந்துட்டுப் போறவுகளுக்குத்தான்க்கா இது தொறக்குது. நம்மளையெல்லாம் அது வீட்டாளுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு.”

இத்தனை நாள் மூக்கைச் சிந்தினவள், கரண்டியைப் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேச்சியம்மாள் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். ஓதம் சில்லென்று இருந்திருக்கும். பட்டுச்சேலையும் நகையுமாக, சீர்த்தட்டை ஏந்தி, முறைப்படி அழைக்கப்பட்டு வந்து நின்ற அவளை, அந்தச் சுவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. காபித்தூள் கடன் கேட்டு வருகிற சபுராவோடு சேர்த்துவிட்டது. அன்றைக்குப் பந்தல்காரன் சத்தத்துக்கு நடுவில் தவமணி சொன்னதும் இதேதான், சொன்ன விதம்தான் வேறு. தவமணி வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அப்படி ஓர் அழுகையை அந்தக் காம்பவுண்டு அவளிடம் பார்த்ததில்லை.

பேச்சி திரும்பினாள். தங்கச்சியை மேலும் கீழும் பார்த்தாள். பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அழுததெல்லாம் போதும். அருவாமனைய எங்கடி வச்சிருக்க? இத்தன சனம் வந்திருக்கு, வெள்ளரிக்கா இன்னும் நறுக்காமக் கெடக்கு.”

எங்கடி. அந்த ஒரு சொல்லுக்குத் தவமணி எத்தனை கோயிலுக்கு நேர்ந்திருப்பாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

முதல் வளையல் அந்த ஒற்றை அறையிலேயே, அடுப்படி வாசலில் வைத்துப் போடப்பட்டது. யோகேஸ்வரியை மணையில் உட்கார வைக்க இடமில்லாமல், மாவு டப்பா மேல் உட்கார வைத்தார்கள். பேச்சி எதிரே மண்டியிட்டு, பிள்ளையின் விரல்களை ஒடுக்கிப் பிடித்து, பச்சை வளையலை ஏற்றினாள். வெள்ளரிக்காய் ஈரம் அவள் கையில் இருந்தது, வளையல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. காதில் முணுமுணுத்தவள் உட்பட எல்லோரும் குலவை போட்டார்கள். அதற்குப் பிறகு சம்பந்தியம்மாள் திரையை ஒதுக்க, ஹால் எப்போதும்போலத் திறந்துகொண்டு, காற்று ஓடி வந்து செவ்வந்திகளை ஆட்டியது. விருந்தாளிகளெல்லாம் உள்ளே போனார்கள், பூப்பாயும் சோற்றுப் பானைகளும் பின்னாலேயே போயின. எது நிஜப் பூ என்று தொட்டுப் பார்த்தார்கள், பானைக் கழுத்தில் தொங்கின புளியம்பழத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பேச்சியம்மாள் அன்றைக்கு முழுக்கச் சாப்பாட்டு வாளியோடு உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டே இருந்தாள். சபுராவுக்கும் அவளுக்கும் தயிர்ச் சோற்றில் உப்புப் போதுமா என்று ஒரு சண்டைகூட வந்துவிட்டது.

கற்பூரவல்லிக் கலயங்களை வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பிப் போனார்கள். ஹாலும் போய்விட்டது. மிஞ்சின எலுமிச்சைச் சோற்றுப் பானையை நடுவில் வைத்துக்கொண்டு, அந்த ஒற்றை அறையில் தவமணி, பேச்சி, சபுரா, மாசமான யோகேஸ்வரி, கதவோரம் சோலை என்று உட்கார்ந்தார்கள். ஒருத்தர் முட்டி ஒருத்தரை இடித்தது. சோற்றுக்குக் கை நீட்டினால் பக்கத்து ஆள் சாய்ந்து வழிவிட வேண்டியிருந்தது. பேச்சியம்மாள், நாளெல்லாம் நடந்த காலை நீட்ட இடம் தேடி அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு, வேறு இடமில்லாமல் தங்கச்சி மடியிலேயே நீட்டிக்கொண்டாள். எப்படித்தான் இந்தப் பொந்துக்குள்ள குடியிருக்கீங்களோ, நாளைக்கு மொத வேலையா அந்தப் பரண இறக்கிச் சுத்தம் பண்ணணும் என்று சொன்னாள். நாளைக்கா, அப்போ இன்னிக்கு ஊருக்குப் போகலையா என்று யாரும் கேட்கவில்லை. தவமணி அக்காவின் காலைப் பிடித்துவிடத் தொடங்கினாள். அறையில் கொஞ்சமும் இடமில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை.